வெள்ளமும் இடாப்பும்: அனர்த்தகால இலக்கியமும் மன்னார்ப் பிரதேசமும் – ஒரு நோக்கு

தமிழிலே வெள்ளத்தைப் பாடியோர் பலர். வெள்ளத்துள் அகப்பட்டோரைப் பாடியோர் சிலர். அகப்பட்டோரைக் கரையேற்றியோரைப் பாடியோர் மிக அரியர். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி இலங்கையைத் தாக்கி அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டபோது, அருவியாறு பெருக்கெடுத்து மன்னார்ப் பெருநிலப்பரப்பின் தாழ்ந்த ஊர்களை மூழ்கடித்தது. கால்நடைகளும் பெருமளவில் மடிந்தன. இத்தகைய அனர்த்தங்களை அடுத்து இரங்கற் கவிதைகளும் உதவியோரைப் போற்றும் வாழ்த்துரைகளும் எழுதப்படுவது வழமை. அவற்றை வாசிப்போருக்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. துயருற்றவர் ஒருபுறம், கொடுத்தவர் மறுபுறம் என இருபாற்படுத்திக் காணும் இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? இவ்விரு சாராருக்கும் இடையே, கயிறு பிடித்தும் மண்மூட்டை சுமந்தும் உலை வைத்தும் ஊரைக் காத்தவர்கள் ஏன் இலக்கியத்தில் இடம்பெறவில்லை? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியாகவே இக்கட்டுரை அமைகிறது.

பழைய நூல்களிலிருந்து தொடங்குவது பயனுடையது. பரிபாடலில் இன்று நமக்குக் கிடைக்கும் இருபத்திரண்டு முழுப் பாடல்களுள் எட்டு, வையையைப் பாடுவன. அங்கே புதுப்புனல் வருகை ஒரு விழா. கரையுடைவும் மக்கள் திரளும் அப்பாடல்களில் இடம்பெறாமல் இல்லை. ஆயினும் புலவரின் கண் நீராடுவோரின் அணிகலன்களிலேயே பெரிதும் தங்கிவிடுகிறது. ஓய்வுடையோரின் வெள்ளம் அது. உழைப்போரின் வெள்ளத்தைக் காண அகநானூற்றுக்குச் செல்லவேண்டும். நக்கண்ணையார் பாடிய 252ஆம் பாட்டிலே, மகளைக் கண்துஞ்சாது காக்கும் தாய்க்கு உவமையாக மழையிரவில் பெருங்குளத்தைக் காக்கும் காவலன் வருகிறான். களவொழுக்கத்துக்கு இடையூறாகிய காவலைக் கூறுவதே பாட்டின் நோக்கம். எனினும், அந்த உவமை வழியாக ஒரு தொழிலாளி நம் கண்முன் வந்து நின்றுவிடுகிறான். குளக்கட்டின் மேல் இரவு முழுவதும் நடந்து, எங்கே நீர் கசிகிறது, எந்த இடம் இளகுகிறது என்று பார்க்கும் ஒருவனை அறிந்த சமூகத்திலேதான் அவ்வுவமை பிறக்கமுடியும். பெண்பாற் புலவர் ஒருவரின் கண்ணுக்கு அவன் அகப்பட்டது தற்செயலன்று என்றே கருதத் தோன்றுகிறது. உறங்காதிருத்தல் எத்தகைய வேலை என்பதை வீட்டுக் காவலை அறிந்தவரே நன்கு உணர்வர்.

மணிமேகலையில் நிலைமை வேறு. புகார் நகரைக் கடல் கொண்டமைக்கு இந்திரவிழா மறக்கப்பட்டமை காரணமாகக் கூறப்படுகிறது. அனர்த்தத்துக்கு அறவியற் காரணம் காட்டும் இப்போக்கு நமக்கு மாத்திரம் உரியதன்று. 1755இல் லிசுபன் நகரைப் பூமியதிர்ச்சி அழித்தபோது ஐரோப்பாவிலும் இதே விவாதம் நடந்தது. வோல்தேயர் அவ்வழிவைப் பாடினார். அதற்கு 1756இல் எழுதிய கடிதத்திலே, ஆறேழு மாடி வீடுகளை நெருக்கி நெருக்கிக் கட்டியது இயற்கையன்று என ரூசோ விடையிறுத்தார். அனர்த்தத்தின் சமூகக் காரணத்தை நோக்கிய முதற் குரல்களுள் அது ஒன்று.

ஆயினும் காரணத்தைக் கூறும் பகுதியைவிட உதவியைக் கூறும் பகுதியே மணிமேகலையின் சிறப்பு. உணவளித்தலை மையமாகக் கொண்ட காப்பியம் தமிழில் வேறில்லை. காஞ்சியில் வற்கடத்தால் வாடியோருக்கு மணிமேகலை உணவளிக்கிறாள், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. அவள் கையிலுள்ள அமுதசுரபியோ எடுக்க எடுக்கக் குறையாதது. குறையாத பாத்திரம் கிடைத்துவிட்டதும் நெல் எங்கிருந்து வந்தது, விறகு யார் வெட்டியது, வரிசையில் முதலில் நின்றவர் யார், ஒதுக்கி நிறுத்தப்பட்டவர் யார் என்ற கேள்விகள் எழமாட்டா. நிருவாகப் பிரச்சினை முழுவதையும் ஓர் அற்புதம் விழுங்கிவிடுகிறது.

ஆனால் சாத்தனார் அத்தோடு நிற்கவில்லை. அப்பாத்திரத்தை முதலிற் பெற்ற ஆபுத்திரன் கதையை நோக்குக. பிச்சையெடுத்து வந்ததைப் பிறருக்கு ஊட்டி, எஞ்சியதை உண்டு மதுரை அம்பலத்திலே வாழ்ந்தவன் அவன். பாத்திரம் கிடைத்தபின், மழை பெய்து நாடு செழித்துவிட, உண்பாரைக் காணாது ஊர் ஊராகத் தேடித் திரிகிறான். சாவகத்தில் மழையின்றி மக்கள் வாடுவதைக் கேட்டுக் கப்பலேறுகிறான். காற்றின் கடுமையால் கப்பல் மணிபல்லவத்தில் தங்குகிறது. அவன் இறங்கியதை அறியாது இரவிலே புறப்பட்டும் போய்விடுகிறது. ஊட்டுதற்கு எவருமில்லாத தீவிலே, அள்ளக் குறையாத பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறான். பெறுவோர் இன்றிக் கொடுப்போர் இல்லை என்பதை இதனினும் கூர்மையாகக் கூறிய இடம் நம் இலக்கியத்தில் அரிது. கொடை கொடுப்பவனது குணமன்று, இருவருக்கிடையே உள்ள உறவு என்பது காப்பியத்தின் உள்ளீடு. பிற்கால வள்ளன்மைப் பாடல்கள் இதனை அறவே மறந்துவிட்டன. நிவாரணப் பொதியின் மேல் கொடுத்தவரின் பெயரையும் படத்தையும் ஒட்டும் இக்கால வழக்கம் அந்த மறதியின் தொடர்ச்சியே.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலுள்ள மண் சுமந்த படலம் மேலும் நெருங்கி ஆராயத்தக்கது. பக்தி நூலாக மாத்திரம் படித்துப் பழகிவிட்டமையால் அதனுள் பொதிந்துள்ள சமூகச் செய்தி கவனிக்கப்படுவதில்லை. வையை கரைபுரள்கிறது. குடிகள்தோறும் ஆள் வந்து தத்தமக்கு அளந்துவிட்ட கரைப்பங்கை அடைக்கவேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி தனியள், முதியவள், அனுப்ப ஆளில்லை. எனினும் அவள் பங்குக்குரிய கரை அளந்துவிடப்பட்டுவிட்டது. வீட்டுக்கு ஓராள் என்ற சமன்மை, ஆளற்ற வீட்டுக்குக் கொடுமையாகும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நீர்ப்பாசன அறிக்கையும் கூறியதில்லை. இறைவன் கூலியாளாக வந்து உதிர்ந்த பிட்டுக்கு மண் சுமக்க ஒப்புகிறான், ஆடிப்பாடி உறங்குகிறான், பிரம்படி படுகிறான், அவ்வடி எல்லாவுயிர் மேலும் படுகிறது.

வந்தியின் சிக்கலுக்கு அயலவர் எவரும் தீர்வாகவில்லை என்பது இங்கே மனங்கொள்ளத்தக்கது. தன் பங்கை அடைத்து முடித்த ஒருவன் அவள் பங்கிலும் இரண்டு கூடை மண் போட்டான் என்று கதை கூறவில்லை. கூறியிருந்தால் இறைவன் வரவேண்டிய தேவையே இருந்திராது. கூட்டுழைப்பு இருக்கவேண்டிய இடத்தில் அற்புதம் அமர்ந்திருக்கிறது. மணிமேகலையில் நாம் கண்டதும் இதுவே. எனினும் கூலிக்காரனின் முதுகில் விழுந்த அடி அரசனின் முதுகிலும் பட்டது என்ற கற்பனை, அதைச் செவிவழிக் கேட்ட எளிய மக்களுக்கு வெறும் தத்துவமாக இருந்திருக்க முடியாது.

வந்தியின் கரைப்பங்கு நமது நாட்டுக் குளக்கட்டுகளுக்கும் அந்நியமானதன்று. இலங்கையின் வரண்ட வலயக் குளக் கிராமங்களில், வயற்பங்குக்கு ஏற்பக் கட்டுப்பங்கும் வகுத்துப் பராமரிக்கும் வழமை இருந்தது. இராசகாரியம் 1830களில் ஒழிக்கப்பட்டபின் சீர்குலைந்த இவ்வழமைகளை மீட்பதற்காகவே 1856இல் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் இயற்றப்பட்டது. மன்னாரில் இதன் மையம் கட்டுக்கரைக்குளம். அருவியாற்றின் நீரைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்து அக்குளத்துக்குத் திருப்புகின்றனர். அங்கிருந்து நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களுக்கு நீர் செல்கிறது. முருங்கன், நானாட்டான் பகுதிகளின் வயல்கள் இந்த நீரால் விளைவன.

அதே ஆற்றின் மேற்பகுதிக்குச் சிங்கள மக்கள் இட்ட பெயர் மல்வத்து ஓயா. அநுராதபுரத்தைக் கடந்து வரும் அது மன்னாரின் தென்கரையில் அரிப்புக்கு அண்மையில் கடலிற் கலக்கிறது. ஆதலால் மன்னாரின் வெள்ளம் மன்னாரிற் பெய்த மழையால் மாத்திரம் வருவதன்று. மேலே பெய்த மழை பின்னரே கீழே வரும். உள்ளூரில் வானம் வெளித்தபின்னும் ஆறு ஏறும். 1957 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் இவ்வாற்றின் மேற்பகுதியிலுள்ள நாச்சதூவக் குளம் உடைத்துக்கொண்டது. மேட்டிலுள்ள குளக்கட்டு உறுதியாக இருந்தால்தான் பள்ளத்திலுள்ளவன் உறங்கலாம். மொழியாலும் அரசியலாலும் பிரித்துப் பேசப்படும் இரு சமூகங்களை ஓராறு இவ்வாறு ஒரே இரவுக்குள் கட்டிவைத்திருக்கிறது. இதனைக் கருவாகக் கொண்ட ஒரு பெருநாவலுக்கு இருமொழியிலும் இடமுண்டு.

குளக்கட்டுப் பங்கு வயலுடையோருக்கு உரியது. கட்டின் கீழே குடிசை போட்டு வாழும் கூலிக்காரனுக்கு வயலுமில்லை, பங்குமில்லை. வெள்ள இரவில் கட்டைக் காக்க முதலில் ஓடவேண்டியவனும் அவனே. உடைப்பு முதலிற் கொள்வது அவன் குடிசையையே. நீர் வடிந்தபின் இழப்பை மதிப்பிட வருவோர் கேட்பது, எத்தனை ஏக்கர், என்ன பயிர், யார் பெயரில் உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் என்பன. இழந்தவை கையிலிருந்த வேலையும் அடுத்த அறுவடையிற் கிடைக்கவிருந்த கூலியுமாயின் அவற்றைக் குறிக்க இடாப்பில் நிரல் இல்லை. உடைமையில்லாதவனுக்கு இழப்பும் இல்லை என்பதே இடாப்பின் தருக்கம்.

கரையோரத்திலும் நிலைமை இதுவே. 1964 டிசம்பர் 22ஆம் திகதி வட இலங்கையைக் குறுக்கறுத்துச் சென்ற சூறாவளி, மன்னார்க் கரையையும் தலைமன்னாரையும் மோதி, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகைவண்டி பயணிகளோடு கடலுள் மூழ்கியது. 1914 தொடக்கம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நடந்த கப்பற் சேவை அத்தோடு முடிந்து, பின்னர் இராமேசுவரத்திலிருந்து 1980களின் முற்பகுதி வரை நடந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதிதான் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மலையகத் தமிழர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவர் என முடிவாகியிருந்தது. அவர்கள் செல்லவிருந்த வாயிலை இரண்டு மாதங்களுள் கடல் உடைத்தது. வரலாற்றின் கொடிய பொருத்தங்களுள் ஒன்று இது.

அச்சூறாவளி இன்று தனுஷ்கோடிப் புயலாகவே நினைக்கப்படுகிறது. மூழ்கிய புகைவண்டியும் எஞ்சிய தேவாலயச் சுவரும் நினைவுக்கு உருவம் கொடுத்தன. மறுகரையாகிய மன்னாருக்கு அத்தகைய சின்னம் வாய்க்கவில்லை. வள்ளமும் வலையும் வாடியும் இழந்தோரின் கதை செய்தித்தாளின் சில வரிகளுள் அடங்கிவிட்டது. ஊர்த் தலைமைக்காரர் முறை 1963இல் ஒழிக்கப்பட்டுக் கிராமசேவகர் முறை வந்து ஓராண்டே கழிந்திருந்தது. விதானையாரின் அதிகாரத்துக்கு ஊர் அஞ்சியது. ஆனால் எந்த வீட்டில் எத்தனை பேர் என்பது அவருக்கு நாவில் நின்றது. புதிய உத்தியோகத்தர் கையில் இருந்தது இடாப்பு. இம்மாற்றம் கரையோர மக்களின் துயர்க்காலத்தில் எவ்வாறு அனுபவிக்கப்பட்டது என்பது ஆராயப்படவேண்டிய ஒன்று.

அதே 1964ஆம் ஆண்டில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த மன்னார் நாட்டுப்பாடல்கள் வெளிவந்தது. என்றீக் எம்பரதோர் நாடகமும் அவ்வாண்டே அச்சேறியது. மன்னாரின் வாய்மொழி மரபுக்குக் கல்வியுலகில் மதிப்பளித்த பெரும்பணி அது. அதன் அருமையை உணர்ந்தே ஒரு குறையை இங்கே கூறவேண்டியுள்ளது. குறை அப்பதிப்புக்கு மாத்திரம் உரியதன்று, நாட்டாரியல் துறை முழுவதுக்கும் உரியது. தாலாட்டு, விளையாட்டு, காதல், தொழில், ஒப்பாரி என நாம் பகுத்துவைத்த பகுப்பிலே அனர்த்தத்துக்கு இடமில்லை. வலையிழுக்கும்போது பாடும் அம்பாவைத் தொழிற்பாடல் என்போம். கரையொதுங்கிய வள்ளத்தை ஊர் கூடி இழுக்கும்போது அதே அம்பாவைப் பாடினால் அது எவ்வகை? கடல் கொண்டவனுக்காக, உடலின்றி வைக்கும் ஒப்பாரி மற்றைய ஒப்பாரியோடு ஒன்றாகுமா? பகுப்பில் இடமில்லாதவற்றைச் சேகரிப்போரின் காதும் கேட்பதில்லை.

நவீன இலக்கியத்தில் இவ்விடைவெளியை நெருங்கி வந்தவர் மகாகவி எனப் புகழ்பெற்ற து. உருத்திரமூர்த்தி. அரச நிருவாக சேவையில் இருந்து மன்னாரிலும் கடமையாற்றியவர் அவர், 1971இல் மறைந்தார். அவருடைய ‘புதியதொரு வீடு’ என்னும் பாநாடகம் மீனவர் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. கடலுக்குச் சென்றவன் புயலில் அகப்பட்டுத் திரும்பவில்லை. இறந்தான் எனக் கொண்டபின் அவன் மனைவி அவனது தம்பியை மணக்கிறாள். பின்னர் ஒருநாள் மூத்தவன் திரும்பி வருகிறான். தெனிசனின் ‘ஈனொக் ஆர்டன்’ என்னும் கதைப்பாடலை இது நினைவூட்டும் என்பது வெளிப்படை. திரும்பி வருதலின் அவலத்திலேயே வாசகரின் கவனம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நமக்கு முக்கியமானது இடையிலுள்ள காலம். துணையிழந்த ஒரு பெண்ணையும் அவள் குழந்தையையும் யார் தாங்குவது என்ற கேள்விக்கு இங்கே மன்னனின் கொடை விடையாகவில்லை. குறையாத பாத்திரமும் விடையாகவில்லை. ஒரு குடும்பம் தனக்குள்ளே ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்கிறது. உதவி என்பது ஒருநாட் செயலன்று, ஆண்டுக்கணக்கில் ஒருவரோடொருவர் வாழ்ந்து தீர்க்கவேண்டிய பொறுப்பு என்ற உண்மை தமிழ் நாடகத்தில் இவ்வளவு இயல்பாக வேறெங்கும் வெளிப்பட்டதாகத் தோன்றவில்லை. அற்புதத்தால் நிரப்பப்பட்டு வந்த இடத்தை மனித உறவால் நிரப்பிய படைப்பு அது.

இங்கும் ஒரு வரையறை உண்டு. மகாகவியின் கரை, வீட்டுக்குள் திரும்பிய கரை. வள்ளம் யாருடையது என்ற கேள்வி அங்கே முதன்மை பெறவில்லை. அக்கேள்வியை அரங்குக்குக் கொண்டுவந்தது அ. தாசீசியஸின் ‘பொறுத்தது போதும்’. சம்மாட்டிக்கும் அவருக்குக் கட்டுப்பட்ட மீன்பிடித் தொழிலாளருக்கும் உள்ள உறவு அங்கே கருவாகிறது. அனர்த்தத்தை அது நேரடியாகப் பேசவில்லை. ஆயினும் அனர்த்தகாலத்தைப் புரிந்துகொள்ள அது தரும் வெளிச்சம் பெரிது. புயலில் வள்ளம் உடைந்தால் நட்டம் சம்மாட்டியின் பெயரில் எழுதப்படும். வள்ளத்திற் சென்ற கூலியாளின் நட்டம் சம்மாட்டியிடம் பெற்ற முற்பணக் கடனாக அவன் தலையில் தங்கும். ஒருவருக்கு நிவாரணம், மற்றவருக்குக் கடன், புயல் ஒன்றே. இவ்விரு நாடகங்களையும் ஒருங்கே வைத்துப் படிக்கும்போது கரையோர அனர்த்தத்தின் முழு உருவம் ஒருவாறு புலப்படுகிறது.

மன்னாரின் கூட்டுழைப்பு மரபு வறியதன்று என்பதையும் கூறவேண்டும். மாதோட்டப் பாங்கிலோ யாழ்ப்பாணப் பாங்கிலோ ஒரு கூத்தை மேடையேற்றுவது ஊர் முழுவதையும் மாதக்கணக்கில் ஒழுங்குபடுத்தும் வேலை. அண்ணாவியார் பழக்குவார், வீட்டுக்கு வீடு அரிசியும் காசும் சேரும், கொட்டகைக்கு ஒருவர், விளக்குக்கு ஒருவர், சாப்பாட்டுக்குச் சிலர் எனப் பொறுப்புப் பகிரப்படும். வெள்ளம் வந்தபோது பாடசாலையையும் கோயிலையும் பள்ளிவாசலையும் தங்குமிடமாக்கி உலையேற்றும் ஆற்றல் இத்தகைய பழக்கத்திலிருந்தே பிறக்கிறது. போர்க்காலத்தில் மடுத்தேவாலயத்தைச் சூழ ஆயிரக்கணக்கானோர் தங்கியபோதும், 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்ட கொடுமைக்குப் பின் அவர்கள் புத்தளத்து முகாம்களில் வாழ்வைக் கட்டியெழுப்பியபோதும் இதே ஆற்றல் செயற்பட்டது. நிவாரண அறிக்கைகள் ‘பாதிக்கப்பட்டோர்’ என்று எழுதுகையில் இவ்வாற்றல் முழுவதும் துடைக்கப்பட்டுவிடுகிறது. இதே மக்கள் சமைத்தார்கள், சுமந்தார்கள், அயலவரைத் தேடிச் சென்றார்கள் என்ற வினைச்சொற்கள் மறைந்து, பெற்றார்கள் என்ற ஒரே வினை மிஞ்சுகிறது.

இவ்வாறு கூறுவதனால் ஊர்க்கூட்டை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் கூடாது. கூத்திலே எந்தப் பாத்திரம் யாருக்கு என்பதில் சாதியும் செல்வமும் பேசியதுண்டு. பொது உலையிலும் அவை பேசும். யார் வைத்த சோற்றை யார் உண்பர், எந்தப் பாயில் யார் படுப்பர் என்பன முகாமின் முதல் இரவிலேயே எழும் கேள்விகள். வெள்ளம் எல்லாரையும் சமமாக்கிவிட்டது என்று எழுதும் கவிஞர் மறுநாட் காலை அந்த உலையடிக்குச் சென்று பார்க்கவேண்டும். சமமாக்கியிருந்தால் எவ்வாறு ஆக்கியது, நீர் வடிந்தபின் அச்சமன்மை எத்தனை நாள் நின்றது என்பதே எழுதத்தக்க பொருள். அண்மைக்கால வெள்ளக் கவிதைகள் பெரும்பாலும் வானத்தை விளித்துக் கண்ணீரில் முடிகின்றன. உணர்ச்சி உண்மையானதே, பார்வைதான் பழையது. அவ்விரவில் அரிப்பிலோ நானாட்டானிலோ ஒருவர் செய்த ஒரே ஒரு வேலையைத் துல்லியமாகச் சொல்லும் பத்து வரிகள், அத்தகைய நூறு கவிதைகளினும் மேலானவை.

1964இன் சூறாவளியை வாலிபப் பருவத்தில் அனுபவித்தவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். தலைமன்னார், பேசாலை, வங்காலை, சிலாவத்துறை ஆகிய ஊர்களில் அவர்களைச் சந்தித்து, எவ்வளவு இழந்தீர்கள் என்று கேட்பதற்கு முன்னர், அன்று யார் கயிறு பிடித்தார், முதல் உலைக்கு அரிசி எந்த வீட்டிலிருந்து வந்தது, இடாப்பில் பெயர் எழுதப்படாது போனவர் யார் என்று கேட்டுப் பதிவுசெய்யும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளலாம். 2025இன் வெள்ளத்தைப் பற்றியும் அதே கேள்விகளை, நினைவு பசுமையாக உள்ள இப்பொழுதே, நானாட்டான், முருங்கன் பக்கங்களில் கேட்கவேண்டும். கிடைக்கும் விடைகளைத் தாலாட்டு, தொழில், ஒப்பாரி என்று பகுக்கும் வேலையைச் சிறிது காலம் ஒத்திவைக்கலாம்.